சுருதி போட்டுப் பேசியது

12 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

மேலே இடம் எழுதவில்லை. இனிமேலும் எழுதமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராம் பாலவாக்கம் வீட்டுக்கு வந்தான். நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவன் மாதிரி கையில் பழப் பை. வீட்டுக்காரி பேச்சியம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "என் பொண்டாட்டி மாடியில இருக்கா" என்று சொல்லிவிட்டுப் படியேறப் போனான். அவள் குறுக்கே நின்றாள். தள்ளிவிட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றும்போதுகூட, "பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டியாம்மா?" என்றுதான் கேட்டாள். முன்னேபின்னே தெரியாத திருநெல்வேலிக்காரி, நான் சொன்ன வாடகைக்குக்கூட ஒரு மறுபேச்சுப் பேசாமல் எனக்கு இடம் கொடுத்தவள்.

நான் உள்ளே பூட்டிக்கொண்டிருந்தேன். ஷ்ரேயா குளியலறையில் பக்கெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக் குழந்தை இதை எங்கே பழகினாள் என்று உனக்குத் தெரியும். அவன் அறைந்த என் இடது காது இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அக்கம்பக்கத்தார் கூடியதும் போய்விட்டான். போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். "குழந்தை இருக்குல்ல, பேசி சேர்ந்து இருக்கப் பாருங்கம்மா" என்று புத்திமதியும் கொடுத்தார்கள்.

இனி விஷயம். அந்த விலாசம் யாருக்குத் தெரியும்? ஆபீஸில் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கவில்லை. போனையே மாற்றிவிட்டேன், வேலை முடிந்து தினம் வேறு வேறு வழியாகத்தான் வந்தேன். மே மாதம் மயிலாப்பூர் வந்தபோது நம் வீட்டு ஹாலில் மட்டும் சொன்னேன். கேட்டவர்கள் நீ, மன்னி, அம்மா. நான் வாயைத் திறந்ததும் மன்னி எழுந்து போய் தம்பூரா சுருதியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள், பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வம்புக் காதுகளுக்கு எட்டக்கூடாது என்று. நம் வீட்டில் எந்த ரகசியத்தைத்தான் சுருதி போடாமல் பேசியிருக்கிறோம்.

அம்மா சொல்லமாட்டாள். மன்னி பேசியே நான் பார்த்ததில்லை. மீதி நீ. ஏப்ரலில் அவனோடு போனில் பேசினவன் நீ. "ஆயிரம் இருந்தாலும் குழந்தைக்கு அப்பா" என்று என்னிடம் வந்து சொன்னவனும் நீ.

மே மாதம் அன்று ஹாலில் அழுதுகொண்டே கடலைப் பற்றி ஒன்று சொன்னேனே, அதையும் அவனிடம் ஒப்பித்தாயா? அது அந்த நேரத்து வயிற்றெரிச்சல். வேறு எவரிடமும் அதைச் சொல்லிவிடாதே. குழந்தையை என்னிடமிருந்து பிடுங்க அது ஒன்று போதும்.

பதில் எழுதத் தோன்றினால் ஷீலாவிடம் கொடு. தரமணியில் என்னோடு லைப்ரரியில் வேலை செய்கிறவள், வீடு மந்தைவெளி. சனிக்கிழமை வருவாள். போன் வேண்டாம். போனுக்கெல்லாம் காது முளைத்துவிட்டது. காகிதத்துக்குக் காது கிடையாது.

மாளவிகா


மயிலாப்பூர்
14 ஜூன் 2025

சிரஞ்சீவி சௌபாக்யவதி மாளவிகாவுக்கு அண்ணா வேம்பு அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும் என்று அப்பா எழுதுவார். எனக்கு அந்த வரி வரமாட்டேன் என்கிறது.

நரம்பில்லாத நாக்கு என்பார்கள். உன் பேனாவுக்கும் நரம்பில்லை. நான் சொன்னேனாம். நான் ஒப்பித்தேனாம். அவனிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் என் தொண்டை கட்டி ஒரு 'சா' கூட நிற்காமல் போகட்டும். பாட்டு வாத்தியார் இதைவிடப் பெரிய சபதம் பண்ண முடியாது, உனக்கே தெரியும்.

ஏப்ரலில் அவன்தான் கூப்பிட்டான், நான் இல்லை. போனில் அழுதான். ஆண்பிள்ளை அழுதால் நான் நம்பிவிடுகிறேன், என் சுபாவம் அப்படி. அப்போது நீ பாலவாக்கம் போகவே இல்லையே, எந்த விலாசத்தை அவனுக்குச் சொல்வேன்? கோபத்தில் கணக்குக்கூடத் தப்பிப்போகிறது உனக்கு.

கடல் விஷயத்தை நான் உன் மன்னி காமாக்ஷியிடம்கூட மறுபடி எடுக்கவில்லை.

முதலில் உன் ஷீலா யார் என்று பார். தெரியாதவளிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறாய், கூடப் பிறந்தவனைத் திருடன் என்கிறாய். நன்றாயிருக்கிறது நியாயம்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் திரை. எழுத்தெல்லாம் கலங்கல். "மாளு என்ன எழுதியிருக்கா, விடாம படி" என்று உட்கார்ந்துவிட்டாள். ஹாலில் உட்கார்ந்து முழுக்க வாசித்தேன், என்னைத் திட்டின வரிகளையும் சேர்த்துத்தான். காமாக்ஷி வழக்கம்போல சுருதியை ஏற்றி வைத்தாள். "பொட்டு எரியறதா பாரு" என்று அம்மா வேறு. உனக்கு நினைவிருக்கும். சுருதிப் பக்கத்தைத் திறந்தால் மேலே சின்னதாய் ஒரு சிவப்புப் புள்ளி வருமே, அதைச் சுருதி மாதா பொட்டு வைத்துக்கொண்டிருப்பதாகத்தான் அம்மா சொல்வாள். பொட்டு இருந்தால் வீட்டில் மங்கலம் இருக்கிறதாம். அதனால் லேப்டாப்பை நாங்கள் மூடுவதே இல்லை. காலையில் ஆன்லைன் வகுப்புக்குத் திறந்தால் படுக்கிற வரை ஹாலில் தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தப் படுபாவி இந்த வீட்டுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். கல்யாணமான முதல் நவராத்திரிக்குத் தன் கையாலேயே ப்ரோக்ராம் எழுதி வலைப்பக்கமாய்ப் போட்டுக் கொடுத்தான். பாடினால் கேட்டுச் சொல்லும்: சுருதி சேர்ந்தால் பச்சை, விலகினால் சிவப்பு. ஆளை வெறுத்தாகிவிட்டது, சுருதியை வெறுக்க முடியவில்லை.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். அந்தப் பேச்சியம்மாள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று எழுது. போய்ப் பார்க்கவேண்டியது என் கடமை.

உன் அண்ணா, நம்பினாலும் நம்பாவிட்டாலும்,
வேம்பு


26 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

சௌபாக்யவதி என்று எழுதாதே. படிக்கும்போது யாரோ வேறு ஒருத்திக்கு வந்த கடிதம் மாதிரி இருக்கிறது.

நீ சபதம் பண்ணியிருக்கிறாய். சந்தேகம் முழுக்கப் போகவில்லை, கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் இப்போதைக்கு என்னால் முடியும். ஷீலாவைப் பற்றி இன்னொரு தடவை அப்படி எழுதினால் கடிதப் போக்குவரத்தே கிடையாது. நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் கேட்டதே இல்லை, கேட்காமல் இருப்பதுதான் எனக்குச் செய்கிற உதவி என்று தெரிந்தவள்.

பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கை தூக்க முடியவில்லை. நீ போகவேண்டாம், அவளுடைய பிள்ளைகள் நம் குடும்பத்து மனுஷர்களைப் பார்க்கிற மனநிலையில் இல்லை.

ஷ்ரேயா இப்போதெல்லாம் ரகசியக் குரலில்தான் பேசுகிறாள். தண்ணீர் வேண்டும் என்றால்கூட என் நல்ல காதுக்குப் பக்கத்தில் வந்துதான் சொல்கிறாள். "பாட்டிக்கு நாம எங்க இருக்கோம்னு தெரியுமா?" என்று தினம் கேட்கிறாள். தெரியாது என்றால் முகம் வாடிப்போகிறது.

அதனால் அம்மாவுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு மூக்கு குத்தின நகைக்கடை இருக்கிறதே, அதற்குப் பின்சந்து. ஜவுளி மூட்டை இறக்குகிற சந்து. கீழே குடோன், மேலே பெண்கள் விடுதி. அந்தக் கடை அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். அன்றைக்கு நீ கூட வரவில்லை, உனக்குப் பரீட்சை. ஜெயராமிடம் இதைப் பற்றி நான் பேசினதே கிடையாது. பெயர் எழுதவில்லை, தெரு எழுதவில்லை. அம்மா மனசுக்குள் ஒரு இடத்தை நினைத்துக்கொண்டு தூங்கட்டும்.

மாளவிகா


மயிலாப்பூர்
28 ஜூன் 2025

சி. மாளுவுக்கு அநேக ஆசீர்வாதம்.

சௌபாக்யவதியை எடுத்துவிட்டேன். பேனா தானாக எழுதிவிடுகிறது, என்ன செய்ய.

உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூக்கு குத்தின கடை என்று நான் வாசித்து முடிக்கவில்லை, அம்மா கையைத் தட்டினாள். "அட, அதுவா" என்று கடை பெயர், சந்து பெயர், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து எப்படித் திரும்பவேண்டும் என்பது வரை கடகடவென்று சொல்லிவிட்டாள். கண்தான் மங்கலே தவிர மூளை பளிச்சென்று இருக்கிறது. கவலைப்படாதே, நான் எதையும் எழுதி வைக்கவில்லை. காமாக்ஷி நல்ல சமர்த்து, அம்மா ஆரம்பித்ததுமே சுருதியை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டாள். பக்கத்து வீட்டில் இடியே விழுந்தாலும் கேட்டிருக்காது.

அன்று நீ அந்தக் கடையில் பண்ணின அமர்க்களத்தையும் அம்மா சொன்னாள். அதை எழுதினால் நீ என்னைக் கொன்றே போடுவாய். நேரில் வந்தால் சொல்கிறேன்.

ஷ்ரேயாவிடம், பாட்டிக்குத் தெரியும் என்று சொல். அவளுக்கு மல்லிகைப்பூ, மைசூர்பாகு எல்லாம் ஷீலா பையில் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாகச் சொல். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள், போன தடவை காபியைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே அலம்பி வைத்துவிட்டுப் போனாள்.

வேம்பு


8 ஜூலை 2025

வேம்புவுக்கு,

அண்ணா என்று எழுத வரவில்லை.

நேற்றுப் பள்ளிக்கூட வேன் ஷ்ரேயாவைச் சந்து முனையில் இறக்கிவிட்டது. நான் ஆபீஸிலிருந்து வர ரயில் கொஞ்சம் தாமதம். அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டான். குடோன் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள், "அப்பான்னு சொன்னாருக்கா, பாப்பாவும் சும்மாத்தான் போச்சு" என்றார்கள். சும்மாத்தான் போகும். கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

ரங்கநாதன் தெருக் கூட்டத்தில், மாம்பலம் ஸ்டேஷன் படியில், பாண்டி பஜாரில், ஒவ்வொரு பச்சைச் சீருடையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு அம்மாள் என்னைப் பைத்தியம் என்று திட்டினாள். இருட்டினதும் விடுதி வாசலில் கொண்டுவந்து விட்டான். புது கவுன், கையில் ஐஸ்க்ரீம் கப். என்னைப் பார்த்துச் சிரித்தான். "கூட்டத்துல குழந்தை தொலைஞ்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுண்டியா?" என்றான். குரலை உயர்த்தவே இல்லை.

படுக்கும்போது ஷ்ரேயா என் காதில் சொன்னாள்: "அம்மா, மூக்கு குத்தறச்சே நீ பத்தர் கையைக் கடிச்சியாமே. அப்பா சொன்னார்."

அந்த நகைக்கடைப் பத்தர் கையை நான் கடித்தது எனக்கே மறந்துபோன விஷயம். அம்மா ஒருத்திக்குத்தான் அது தெரியும். நேரில் சொல்கிறேன் என்று எழுதினாயே, அந்தக் கதை இதுதானே? எனக்கு நேரில் சொல்வதற்குமுன் அவனுக்கு நேரில் சொல்லிவிட்டாய். இரண்டு பேரும் சிரித்தீர்களா?

இன்று காலை இங்கிருந்து கிளம்பிவிட்டோம். உனக்கு இனி கடிதம் கிடையாது. அம்மாவிடம், மாளு ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடு.

மாளவிகா


மயிலாப்பூர், மொட்டை மாடி
12 ஜூலை 2025

மாளு,

ஷீலா இதை வாங்கமாட்டேன் என்றாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். கிழிக்கிறதானால் படித்துவிட்டுக் கிழி.

உன் கடிதத்தை இந்தத் தடவை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. நின்றுகொண்டே மனசுக்குள் படித்தேன். பத்தர் கை என்று வந்ததும் அந்த வரியை மறுபடி படித்தேன். மாளு, அந்தக் கதையை நான் யாருக்கும் எழுதவில்லை. உனக்கே எழுதவில்லை. அம்மா அதைச் சொன்னது ஹாலில், ஒரே ஒரு தடவை. கேட்டது நானும் காமாக்ஷியும். காமாக்ஷி அன்றிலிருந்து வாசல்படி தாண்டவில்லை, அவளிடம் போன்கூடக் கிடையாது. நாங்கள் மூன்று பேரும் சொல்லவில்லை என்றால் ஹாலில் வேறு யார் இருந்தார்கள் என்று யோசித்தேன். சுருதி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பி அதைப் பார்த்தேன்.

வலைப்பக்கத்தின் விலாசம் திரையில் மேலே இருக்குமே, அதற்கு இடது பக்கம் ஒரு சின்னக் குறி. இத்தனை வருஷத்தில் அதை நான் தொட்டதில்லை. அழுத்தினேன். 'மைக்ரோஃபோன்: அனுமதிக்கப்பட்டது' என்று வந்தது, பக்கத்தில் ஒரு பொத்தான். தள்ளினேன். அம்மாவின் பொட்டு அணைந்துவிட்டது.

சுருதி நிற்கவில்லை, மாளு. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. சுருதி பாடுவதற்கு மைக் எதற்கு? நாம் பாடுவதைக் கேட்டுப் பச்சை, சிவப்பு காட்டத்தானே அனுமதி என்றான். அதைக் காட்டிவிட்டு அவன் காதை மூடிக்கொள்ளவே இல்லை. பொட்டு என்று நாம் கும்பிட்டது மைக் திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். அந்த நவராத்திரியில் திரையில் கேள்வி வந்ததும் நான்தான் தயங்கினேன். "எப்பவும் அனுமதின்னு குடுத்துடுங்கோண்ணா, இல்லேன்னா தினம் கேட்டுண்டே இருக்கும்" என்றான். மாப்பிள்ளை சொல்கிறாரே என்று அழுத்தினேன்.

இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். சாதாரணப் பேச்சை அவன் தேடிப் பிடிக்கவேண்டும். ரகசியம் பேசும்போது நாமே சுருதியை ஏற்றிவிடுவோம், இதைக் கேள் என்று அடையாளம் வைத்துக் கொடுக்கிற மாதிரி. அவனே செய்த தம்பூரா ஒலி. அதைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்க அவனுக்குத் தெரியாதா? நீ விலாசம் சொன்னாய், போய்ச் சேர்ந்தது. காகிதத்துக்குக் காது கிடையாது என்று எழுதினாய், அதையும் நான் அதன் எதிரில் உட்கார்ந்து பாடம் ஒப்பிக்கிற மாதிரி வாசித்தேன். அவனைத் தேடிப் போய்ச் சொல்லவில்லையே தவிர, உன்னைக் காட்டிக்கொடுத்தது என் வாய்தான்.

திட்டு. என்ன வேண்டுமானாலும் திட்டு. பதில் மட்டும் எழுதாமல் இருக்காதே.

வேம்பு


17 ஜூலை 2025

அண்ணாவுக்கு,

படித்தேன். நம்புகிறேன். உனக்கு எழுதின முந்தைய கடிதத்தை எரித்துவிடு. சிரித்தீர்களா என்று கேட்டதுதான் எனக்கு இரவெல்லாம் உறுத்துகிறது.

நீ எழுதியிராவிட்டாலும் எனக்கு இன்று தெரிந்திருக்கும். அவன் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறான், நகல் ஆபீஸுக்கு வந்தது. குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறான். காரணம், அம்மாவோடு இருந்தால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. அதில் ஒரு வரி: 'ஷ்ரேயாவைத் தூக்கிண்டு அப்படியே கடல்ல இறங்கிடலாம் போல இருக்கு என்று தன் குடும்பத்தாரிடம் கூறியுள்ளார்.' அப்படியே இருக்கிறது, அண்ணா. 'தூக்கிண்டு' கூட மாறவில்லை. யாரிடமோ கேட்டதாக எழுதியிருக்கிறான், யார் என்று சொல்லவில்லை. அதைச் சொன்ன வாய் எனக்கே அசிங்கமாக இருந்தது. கோர்ட் காகிதத்தில் டைப் அடித்துப் பார்க்கும்போது நான் யாரோ கொலைகாரி மாதிரி இருக்கிறேன்.

வக்கீல் விஜயராகவன் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அணைத்திருக்கக் கூடாதாம். உடனே மறுபடி மைக்குக்கு அனுமதி கொடு. சைபர் போலீஸில் மனுக் கொடுத்தாயிற்று, அவர்கள் வந்து அது ஓடும்போதே பிடித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒலி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதுவரை அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது. எப்போதும்போல ஹாலில் பேசுங்கள். கொத்தமல்லி, கரண்டு பில், மார்கழிக் கச்சேரி, என்ன வேண்டுமானாலும்.

அம்மாவிடம் சொல்லாதே. அவளுக்கு நடிக்க வராது.

மாளு


மயிலாப்பூர்
26 ஜூலை 2025

மாளுவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபப்படாமல் படி என்று சொல்லக்கூட எனக்குத் தகுதி கிடையாது.

மைக்கைத் திறந்து வைத்தேன். அதன் எதிரில் நாள் பூரா நடித்தோம். பேசவே பேசாத காமாக்ஷி வெண்டைக்காய் முற்றலாக வந்ததைப் பற்றி அரை மணி பேசினாள். நீ எழுதினதாக நானே ஒரு கடிதம் இட்டுக்கட்டி அம்மாவுக்கு வாசித்தேன். முடிப்பதற்குள், "இது மாளு எழுதலை. அவ இப்படி வழவழான்னு எழுதமாட்டா" என்று பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் விட்டால் அங்கேயே உரக்கக் கேட்பாள். குளியலறைக்கு அழைத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட் மனுவையும் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டாள். "சரி, கொழாயை மூடு, தண்ணி வீணாப்போறது" என்றாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் கபாலி கோயில் பக்கம் ஒரு வகுப்புக்குப் போயிருந்தபோது, ஸ்வாமிக்கு விளக்கேற்றிவிட்டு நேராக லேப்டாப்புக்கு எதிரில் போய் உட்கார்ந்திருக்கிறாள். காமாக்ஷி அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாளாம். காமாக்ஷி சொன்னபடியே எழுதுகிறேன்:

"மாப்பிள்ளை, நான் அம்மா பேசறேன். நீங்க கேட்டுண்டிருக்கேள்னு தெரியும். உங்களுக்கு நான் ஒரு குறையும் வெச்சதில்லை. அவ அன்னிக்கு கடல்னு சொன்னது பெத்த வயிறு எரிஞ்சு சொன்ன வார்த்தை. அதை எடுத்துண்டு போய் கோர்ட்டுல வெக்கலாமா? உங்க காலைப் பிடிச்சுக்கறேன். குழந்தையை அவகிட்டயே விட்டுடுங்கோ."

அப்புறம், "காமாக்ஷி, பொட்டு எரியறதா?" என்று கேட்டாளாம். எரிந்துகொண்டுதான் இருந்தது. "அப்போ கேட்டிருப்பார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

கேட்டுத்தான் இருக்கிறான். நான் வீடு திரும்பியபோது சுருதி நின்றிருந்தது. 'இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை' என்று திரையில் இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த ஹால் இப்படி நிசப்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சைபர் போலீஸ் அதற்கு அடுத்த வாரம்தான் வந்தார்கள். லேப்டாப்பில் மிஞ்சியிருப்பது அந்தப் பக்கத்தின் பெயரும், மைக்ரோஃபோனுக்கு நாம் கொடுத்த அனுமதியும்தான். "அனுமதி நீங்க குடுத்தது சார். பேச்சு அங்க போச்சுங்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றார் வந்தவர். பக்கம் எங்கே இருந்ததோ அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாமாம், மாசக்கணக்காகுமாம். விசாரணை அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

அம்மாவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். பெரிய வார்த்தை. அதிலிருந்து அவள் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். "மாப்பிள்ளைன்னு கூப்ட்டா இறங்கி வருவார்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னாள். நான் என்ன செய்யட்டும்?

வேம்பு


2 ஆகஸ்ட் 2025

அண்ணாவுக்கு,

அம்மாவைத் திட்டாதே. முதலில் போய் அவளை எழுப்பிச் சாப்பிட வை, பிறகு மீதியைப் படி. நான் அவளிடத்தில் இருந்து, ஷ்ரேயாவுக்காக ஒரு சுவரிடம் கெஞ்சினால் பலன் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் கெஞ்சியிருப்பேன்.

வக்கீலோடு நேற்று வெகுநேரம் பேசினேன். நம்மிடம் இப்போது ஒரே ஒரு சாட்சியம்தான் மிச்சம். அவன் மனுவில் எழுதியிருக்கிற அந்த வரி. அந்த ஹாலில் சொன்னது, வேறு எங்கும் சொல்லாதது. அது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவன் பதில் சொல்லியாக வேண்டும். பத்தர் கையைக் கடித்த கதை எப்படித் தெரிந்தது என்றும் கேட்கலாம், ஆனால் குழந்தையைக் கூண்டில் ஏற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.

அவனைக் கேட்க வேண்டுமானால், ஆமாம், நான் அப்படிச் சொன்னேன் என்று முதலில் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லவே இல்லை என்று நான் சாதித்தால் மனுவில் அந்த வரி பொய்யாகிவிடும், அவன் ஒட்டுக்கேட்டதும் இல்லையென்று ஆகிவிடும். பிறகு அவன் நம்மை எங்கே வேண்டுமானாலும் தேடிக்கொண்டு வருவான். சொன்னேன் என்றால், அதைக் கேட்கிற நீதிபதி குழந்தையை அவனிடமே கொடுத்தாலும் கொடுக்கலாம். "இது ரெண்டு பக்கமும் வெட்டும்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் வக்கீல். அவர் குரலில் தைரியம் இல்லை.

யோசித்தேன். ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அந்த நாள் நான் எப்படி இருந்தேன், காதில் ரத்தம் வந்தது, எதற்காக அந்த வார்த்தை வந்தது, மறுநாள் காலையில் எழுந்து அதே குழந்தைக்குத் தலை பின்னிச் சாதம் ஊட்டினேன், எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். கேட்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் மூன்று பேரும் வரவேண்டும். மாளு அதைச் சொன்னாள், எங்கள் ஹாலில் சொன்னாள், எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நீங்கள் சொல்ல வேண்டும். மன்னியும் பேச வேண்டும். அங்கே ஏற்றி வைக்கச் சுருதி கிடையாது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்லவேண்டியிருக்கும்.

ஷ்ரேயா இன்னும் என் காதோரம்தான் பேசுகிறாள். "பாட்டி ஆத்து ஹால்ல பேசினா இப்போ அப்பாக்குக் கேக்குமா?" என்று நேற்றுக் கேட்டாள். கேட்காது என்றேன். நம்பவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு ஹாலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. குரலைத் தாழ்த்தாதே. பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

மாளு